வந்தியின் பங்கு

ஐப்பசித் திங்கள் பிறந்ததும் நம் கடற்கரை நாட்டு மாந்தர் வானையும் செய்தித்தாளையும் மாறி மாறி நோக்குகின்றனர். வங்கக் கடலில் தாழ்வுநிலை தோன்றிற்று என்பர். அது வலுப்பெற்றது என்பர். பின்னர் அதற்கு ஒரு பெயரும் சூட்டுவர். இக்கடற் பகுதியில் எழும் புயல்கட்குப் பெயரிடும் வழக்கம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதன் பின்னர்த் தானே, வர்தா, ஒக்கி, கஜா, மிக்ஜாம் என வந்த பெயர்கள் சிறுவர்க்கும் மனப்பாடமாயின. பெயர் வந்தவுடன் ஊர் விழித்துக்கொள்கிறது. கடைத்தெருவில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் விற்றுத் தீர்கின்றன. கூரையின்மேல் மணல்மூட்டை ஏற்றுவாரும், தென்னையின் முற்றிய குலைகளை இறக்குவாரும், படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவாருமாக எங்கும் பரபரப்பே காணப்படுகிறது.

இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றினூடே ஒரு குறை உளது. ஒவ்வொரு வீடும் தன்னைக் காத்துக்கொள்ள முயலுகிறது. ஊர் தன்னைக் காத்துக்கொள்ள முயலுகிறதா? இவ்வினாவை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றைப் பொறுத்தமட்டில் நம் அறிவு பெரிதும் வளர்ந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் அறிஞர் 1848-இல் வெளியிட்ட நூலில் ‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்து வழங்கினார். இன்றோ புயல் கருக்கொள்ளும் பொழுதே வானிலையார் அதன் போக்கை அறிந்து கூறுகின்றனர். துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடிப் பட்டினம் பாழாயிற்று. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற இரயில்வண்டி பிரயாணிகளோடு அலைவாய்ப்பட்டு அழிந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது, எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னரே முகாம்கட்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். அப்பொழுதும் உயிர்ச்சேதம் இல்லாமற் போகவில்லை. தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. எனினும் அத்தனை பேரும் குடிசைகளிலேயே தங்கியிருப்பின் துயரம் பன்மடங்காகியிருக்கும்.

ஆனால், பெயரில்லாத மழைக்கு நாம் என் செய்கின்றோம்? 2023 டிசம்பர் 17-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு எட்டு நாட்கள் முன்னதாகிய ஞாயிற்றுக்கிழமை, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழைக்குப் பெயரில்லை. அது புயலன்று, குமரிக்கடற் பக்கத்தில் வானின் மேலடுக்கில் உண்டாகிய ஒரு சுழற்சியே. மறுநாட்காலை வரை காயல்பட்டினத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதிலும் பெறும் சராசரி மழையினும் இஃது அதிகம்.

அதி கனமழை பெய்யக்கூடும் என்று வானிலையார் கூறியது உண்மையே. ஆயினும் அவர்தம் அளவையில் ஒருநாளைக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டரைக் கடந்த மழை யாவும் ‘அதி கனமழை’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கும். 21 சென்டிமீட்டருக்கும் அதுவே சொல். 95 சென்டிமீட்டருக்கும் அதுவே சொல். அச்சொல்லைக் கேட்ட எம்மூரார், ‘இன்று நனைவோம்’ என்று எண்ணினரேயன்றி, ‘இன்று மூழ்குவோம்’ என்று எண்ணினாரல்லர். நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் நீருள் ஆழ்ந்தது. ஏரல் கடைத்தெரு மூழ்கிற்று. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. திருச்செந்தூரினின்று புறப்பட்ட இரயில்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சூழ்ந்த நீரிடையே ஏறத்தாழ இரண்டு நாட்கள் தவித்தனர். அவர்க்குச் சோறு சமைத்தளித்தோர் அருகிலிருந்த சிற்றூரார். தம் வீடுகளே நனைந்துகிடந்த எளிய மக்கள்.

ஈண்டு என் ஊரின் செய்தி ஒன்றைக் கூறல் வேண்டும். அது பெருமைக்குரிய செய்தியன்று. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் பாசனத்தைச் சார்ந்தது. அப்பொழுது யான் மேனிலைப்பள்ளி மாணவன். இரவு பத்து மணிக்குமேல் நீர் தெருவுக்குள் புகுந்தது. விளக்குகள் அணைந்தன, தொலைபேசிகள் ஊமையாயின. துறைமுகத்துப் பதினோராம் எண் கூண்டுக்கு, எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பது பொருள் என்பர். அன்றிரவு எங்கள் ஊருக்கு அக்கூண்டே ஏறிற்று எனலாம்.

எங்களுடையது மாடி வீடு. அண்டை வீட்டாரையும் சேர்த்துப் பதினொருவர் மேலே ஏறினோம். என் தந்தையார் அரிசி மூட்டையை ஏற்றினார். தாயார் குடிநீர்க் குடங்களை ஏற்றினார். யான் என் புத்தகங்களை ஏற்றினேன். பின்னர் அனைவரும் கூடி ஜெபம் செய்தோம். கீழைத்தெருவில் ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார். எங்கட்கு உறவினர் அல்லர். ஆயினும் யான் நினைவு தெரிந்த நாள்முதல் ஆச்சி என்றே அழைத்து வருகிறேன். நாள்தோறும் எங்கள் வீட்டுக்குக் கீரை கொணர்பவர் அவரே. பதினொருவருள் ஒருவர்க்கும் அவ்விரவு அவர் நினைவு வரவில்லை. பொழுது புலர்ந்து நெடுநேரம் கழிந்த பின்னரே, “ஆச்சி என்ன ஆனாளோ!” என்று என் தாயார் திடுக்கிட்டுக் கூறினார். வாழைத்தண்டுகளைப் பிணைத்துத் தெப்பமாக்கிக்கொண்டு நாங்கள் சென்றபோது, ஆச்சி பரணின்மீது முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். நீர் பரணுக்கு ஒரு முழம் கீழே நின்றது. எங்களைக் கண்டதும் அவர் கேட்டது இது: “ஒங்க வீட்டுல எல்லாரும் சொகந்தானா, ஐயா?”

அவர் எங்களை வைதிருப்பின் அதனை ஒருவாறு தாங்கியிருப்பேன். அக்கேள்வியை இன்னும் தாங்க இயலவில்லை. அன்று தொட்டு இதனை எண்ணி எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். எம்மூரார் அன்பற்றவர் அல்லர். அவரை மறந்ததற்குக் காரணம் அன்பின்மை அன்று. அவரை நினைப்பது இன்னார் கடமை என்று முன்னரே வகுக்கப்படாமையே. எல்லார்க்கும் பொதுவாகிய கடமை ஆபத்து வேளையில் ஒருவர்க்கும் உரியதாகாமற் போகிறது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்விடத்துத் திருவிளையாடற் புராணத்தில் வரும் வந்தியின் வரலாறு நினைவுக்கு வாராமற் போகாது. வையை பெருக்கெடுத்துக் கரையை உடைக்கிறது. பாண்டியன் ஏவலர் கரையை அளந்து, குடிக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கின்றனர். பிட்டு விற்று வாழும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு வருகிறது. அவளுக்கோ மகனும் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. இறைவனே கூலியாளாய் வந்து, பிட்டை உண்டு, மண் சுமக்கிறான். வேலையிற் சோம்பி அரசன் கைப் பிரம்படியும் படுகிறான். அவ்வடி எல்லார் முதுகிலும் பட்டது என்பது கதையின் முடிவு.

பக்தியோடு ஓதுவார் இதன்கண் இறைவன் எளிமையைக் காண்பர். வெள்ளத்தைக் கண்ட ஊரானாகிய யான் இதன்கண் ஊர் நடக்கவேண்டிய நெறியையும் காண்கிறேன். கரை முழுவதும் குடிகள்தோறும் அளந்து வகுக்கப்பட்டது. ஆகவே எவர் பங்கு எது என்பதில் ஐயமில்லை. அரசன் கணக்கில் வந்தியின் பெயர் இருந்தது. அவள் தனியள் என்பது அக்கணக்கில் இல்லை. அதனை அறிந்திருக்க வேண்டியோர் அவள் பக்கத்து வீட்டார். அவள் பங்கு அடைபடாமற் கிடந்தால், அவ்வுடைப்பின் வழியே புகும் நீர் அவள் வீட்டோடு நின்றுவிடுமோ? அடி எல்லார்மீதும் பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான பொருள் வேண்டுவதில்லை.

இவ்வாறு பங்கிட்டுக் கரை காக்கும் முறை நம் நாட்டில் குடிமராமத்து என்னும் பெயரால் வழங்கிற்று. குளத்துக் கரையை உயர்த்தல், மதகைச் செப்பனிடுதல், மறுகாலில் அடைப்பு நீக்குதல் ஆகியவற்றை ஊராரே செய்துவந்தனர். அவ்வழக்கம் தளர்ந்தமையால் சென்னை மாகாணத்துக்கென 1858-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. தமிழ்நாட்டு அரசாங்கமும் 2017-இல் அப்பெயராலேயே குளங்களைச் செப்பனிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பழமையைப் போற்றுவார் சிலர், அம்முறையை அவ்வாறே மீட்டல் வேண்டும் என்பர். யான் அவரோடு உடன்படேன். பழைய ஊர்களில் மண் சுமந்த தோள் பெரும்பாலும் நிலமில்லாத, தாழ்த்தப்பட்ட மக்களின் தோளே. விளைந்த நெல்லோ பிறர் களஞ்சியத்துக்குச் சென்றது. பங்கிடுதல் என்னும் முறையை ஏற்போம். அதனோடு கலந்திருந்த அநீதியைத் தள்ளுவோம்.

‘வெள்ளம் தடுப்பது அரசாங்கத்தின் வேலையன்றோ? வரி வாங்குவோர் செய்யட்டும்’ என்று சிலர் கூறலாம். கூற்றில் உண்மை உண்டு. ஆற்றைத் தூர்வாருதல், நீர்வழிகளில் எழுந்த கட்டடங்களை அகற்றுதல், அணை திறக்குமுன் கீழூரார்க்கு உரிய காலத்தில் அறிவித்தல் ஆகியவை அரசாங்கத்தின் நீங்காத கடமை. அவற்றை நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆனால் கீழைத்தெருவில் எந்த வீட்டில் நடக்கமாட்டாத கிழவர் உள்ளார், எந்த வீட்டில் நிறைசூலி உள்ளாள் என்பதை நள்ளிரவில் எந்த அதிகாரி அறிவார்? மின்சாரமும் தொலைபேசியும் அற்ற வேளையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கூடியவர் பக்கத்து வீட்டாரே.

இஃது இயலாத காரியமன்று என்பதற்கு ஒடிசா நாடு சான்று. 1999 அக்டோபரில் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரவர் மாண்டனர். அதன் பின்னர்க் கடற்கரையோரம் உறுதியான புகலிடங்கள் எழுந்தன. அவற்றை நடத்த ஊர்க்குழுக்கள் அமைந்தன. இளைஞர்கள் எச்சரிக்கை அறிவிப்போர், மீட்போர், முதலுதவி செய்வோர் எனப் பிரிக்கப்பட்டு ஒத்திகை பழகினர். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூரின் அருகே கரையேறியபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் முன்னரே அகற்றப்பட்டனர். மாண்டோர் ஐம்பதின்மர்க்கும் குறைவு. காற்று தணிந்து வீசவில்லை, ஊர் ஆயத்தமாயிருந்தது.

நம் கல்லூரி தாமிரபரணிக்கு அணித்தாக உள்ளது. நம்முள் பலர் அவ்வாற்று நீரை உண்டு வளர்ந்தோர். ஆகலின் மாணவத் தோழர்கட்குச் சில விண்ணப்பங்கள் செய்கிறேன்.

முதலாவது, வைகாசி, ஆனித் திங்கள்களில், வானம் தெளிந்திருக்கும் பொழுதே, அவரவர் ஊர்க் கால்வாயின் கரையோடு ஒருமுறை நடந்து வருவோம். அடைபட்ட மதகையும் மறிக்கப்பட்ட மறுகாலையும் குறித்து ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்தில் தெரிவிப்போம்.

இரண்டாவது, 2023-இல் நீர் ஏறிய உயரத்தைக் கோயில், பள்ளிக்கூடம், சாவடி ஆகியவற்றின் சுவரில் வண்ணக் கோடாகத் தீட்டுவோம். 1992 நவம்பரிலும் தாமிரபரணி பெருகிற்று. அந்நீர் எத்துணை உயர்ந்தது என்று எங்கள் ஊரிற் கேட்டால் ஒவ்வொரு முதியவரும் ஒவ்வொரு படியைக் காட்டுகிறார். சுவரில் எழுதாததை ஊர் மறந்துவிடுகிறது. மறந்த இடத்தில் புதுவீடு எழுகிறது.

மூன்றாவது, மேடான கட்டடங்களின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதை ஊரார் அனைவரும் அறியச் செய்வோம். ஆலயமாயினும் கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் வெள்ளத்தன்று அது முதலில் மேட்டிடம்.

நான்காவதே தலையாயது. பத்து வீட்டுக்கு இருவர் என இளைஞரைக் குறித்து, அப்பத்து வீடுகளில் தாமே எழுந்து நடக்க இயலாதாரையும் துணையற்றாரையும் அவர் பொறுப்பில் விடுவோம். இதற்குப் பணம் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

பிறர்க்குக் கூறுமுன் யான் செய்தல் முறையன்றோ? சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது எங்கள் கீழைத்தெருவின் வீடுகளை எண்ணினேன். இருபத்து மூன்று வீடுகள். தனித்து வாழ்வோர் நால்வர். என் வயதொத்த தோழர்களோடு பேசி மூவர்க்கு ஆள் குறித்தோம். ஆச்சி என் பங்கு. யான் கல்லூரி விடுதியில் தங்கும் நாட்களில் அப்பங்கு என் தம்பிக்கு உரியது. இதனை ஆச்சியிடம் சொன்னபோது அவர் நகைத்து, ஒரு கட்டுக் கீரையைத் தம்பியின் கையில் வைத்தார்.

அன்பர்களே, அடுத்த மழைக்குப் பெயர் உண்டோ இல்லையோ நாம் அறியோம். உங்கள் தெருவில் வந்தி யார் என்பதை மட்டும் மழைக்கு முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.