பேணி மெச்சும், தாள் கணக்குக் கேட்கும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள எமது வீட்டு விறாந்தையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம். அயல்வீட்டு மாணவன் வாடிய முகத்துடன் படியேறி வந்தான். பாடசாலையின் காற்றுத் துப்பாக்கிக் குழுவுக்கான தேர்வு அவனுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, பயிற்சி முடிந்ததும் வெறும் பேணிகளை அடுக்கி விளையாட்டாகச் சுடுவோம். பத்துக்கு ஒன்பது விழும். அதே துப்பாக்கி, அதே பத்து மீற்றர் தூரம். வட்டம் போட்ட தாளை மாட்டினால் மட்டும் கை சொல்வழி கேட்பதில்லை. துப்பாக்கியில்தான் பிழை என்கிறார் அப்பா. எனக்கோ விலகிவிடலாம் போலிருக்கிறது" என்றான்.

துப்பாக்கியில் பிழையென்றால் பேணி மட்டும் விழுவானேன்? பையனிடம் பிழையென்றாலும் அதே கேள்விதானே எழும்?

குசினியிலிருந்து ஒரு ரின்பால் பேணியை வருவித்தோம். அவனுடைய சட்டைப் பையில் பழைய இலக்குத் தாள் ஒன்று இருந்தது. இரண்டையும் அளந்து பார்த்தோம். பேணியின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். தாளிலோ, பத்து வட்டங்களில் ஆகப் பெரியதன் குறுக்களவே 45.5 மில்லிமீற்றர்தான், பத்துப் புள்ளி தரும் நடு இடம் அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. தாளின் வட்டங்கள் யாவும் பேணியின் முகத்துக்குள் அடங்கி, இருபுறமும் இடம் மிஞ்சியது! நடுவிலிருந்து 3 சென்ரிமீற்றர் விலகிப் பட்ட குண்டு பேணியை வீழ்த்தும். தாளில் அதே குண்டு வட்டங்களுக்கெல்லாம் வெளியே போய்ப் பூச்சியம் பெறும். ஆகவே, பத்துப் பேணிகளையும் வீழ்த்தும் ஒருவன் தாளில் ஒரு புள்ளியும் பெறாதிருப்பதும் நடக்கக்கூடியதே.

துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீற்றர் நீளம் என்று கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் பிசகினால், பத்து மீற்றருக்கு அப்பால் அது 2 சென்ரிமீற்றராக வளர்ந்துவிடும். இந்தப் பிசகைப் பேணி மன்னித்துவிடும், தாள் மன்னிக்காது. மேலும், விளையாட்டில் தப்பிய குண்டை எவரும் எண்ணி வைப்பதில்லை. விழுந்த பேணியின் ஓசையே காதில் நிற்கிறது.

நிற்க. அளவு மட்டுமே முழு விடையாகாது. மனத்துக்கும் இதில் பங்குண்டு. தாளின் முன் நிற்பவன் இன்னும் சரியாக, இன்னும் சரியாக என்று காத்திருக்கிறான். சில விநாடிகள் கடந்தால் கண் சோர்கிறது, தசை நடுங்குகிறது, பொறுமையிழந்து விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறான். துரோணர் வைத்த சோதனையில் அருச்சுனன் பறவையின் கண்ணை மட்டுமே கண்டான் என்பது நாமெல்லாம் அறிந்த கதை. துப்பாக்கிக்கோ விதி வேறு. கண் ஒரே வேளையில் ஒரு தூரத்தையே தெளிவாகக் காணும்; தெளிவாகத் தெரியவேண்டியது முன்குறி; இலக்குச் சற்று மங்கலாகவே இருக்கவேண்டும். புள்ளிகளை எண்ணும் ஆசை கண்ணைத் தாளுக்கு இழுத்துச் செல்லும்போதே குறி பிசகிவிடுகிறது.

2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில், பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் கடைசிக் குண்டுக்கு முன், இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்து வீரர் ஒருவரும் சமமாக நின்றனர். பிந்த்ரா 10.8 பெற்றுப் பொன் வென்றார், மற்றவர் 9.7 பெற்று மூன்றாமிடத்துக்கு இறங்கினார். உலகத்தின் தலைசிறந்த கைகளுக்கும் தாளின் முன் இதுவே நிலை என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளை நொந்து பயன் என்ன?

ஆயினும் தாள் பகையன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்த நமது துறைமுகத்துக்கு அந்தப் படையின் கதையொன்று பொருந்தும். ஒரு காலத்தில் அதன் பீரங்கிகள் பயிற்சியிலேயே குறி தவறுவது வழக்கமாயிருந்தது. பேர்சி ஸ்கொட் என்னும் தளபதி ஒரு கருவி செய்தார். பீரங்கியின் முன் மேலும் கீழும் அசையும் ஒரு சிறு இலக்கு; வீரன் விசையை இழுத்ததும் ஒரு பென்சில் தாளில் புள்ளியிடும். குண்டும் செலவில்லை, பிழையும் ஒளியாது. 1899இல் அவருடைய 'சில்லா' என்னும் கப்பல் 70 குண்டுகளில் 56ஐக் குறி சேர்த்தது. வீரர்களின் தவறு அவர்களுடைய கண்ணுக்கே தெரிந்தமை இதற்கு ஒரு பெருங் காரணம்.

நாமும் பையனுக்கு ஒரு வழி சொன்னோம்: "பேணிக்கு வெள்ளைத் தாள் சுற்றிச் சுடு, துளைகளைக் கொண்டுவந்து காட்டு."

அடுத்த கிழமை வந்தான். பேணித் தாள்களிலும் இலக்குத் தாளிலும் ஒரே கோலம்! துளைகள் நடுவை ஒட்டி மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன. துப்பாக்கியில் பிழையென்றால் அவை ஒரே பக்கத்தில் குவிந்திருக்கும். மேலும் கீழுமாகப் படுவது பெரும்பாலும் மூச்சின் குற்றம். பாதி மூச்சை விட்டு, ஒரு கணம் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தவேண்டும். இவனோ மூச்சு ஓடிக்கொண்டிருக்கவே அழுத்தியிருக்கிறான். பேணி இத்தனை நாளும் அதை மறைத்து வைத்திருந்தது.

"அப்படியானால் நான் பேணியிலும் நன்றாகச் சுடவில்லையா, மாமா?" என்று கேட்டவன், சற்றுப் பொறுத்து, "தாளிலும் நான் நினைத்த அளவு மோசமில்லைத்தானே" என்று தானே சிரித்தான். தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. விலகும் எண்ணம் மட்டும் விலகிவிட்டது.

மாணவர்களே, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "எல்லாம் தெரியும்" என்று தலையாட்டுவது பேணி சுடுவது போன்றது. மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே தாள். பெற்றோர்களே, பிள்ளை கொண்டுவரும் புள்ளித்தாளில் எத்தனை என்று பார்க்குமுன், எங்கே பிசகியது என்று பாருங்கள்.

இன்னுமொன்று: துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. பயிற்றுநர் அருகில் நிற்க, பயிற்சிக் களத்தில் மட்டுமே அது கையில் இருக்கவேண்டும். பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் அச்சமின்றி மேயட்டும். நம் பிள்ளைகளின் குறி தாளோடு நிற்கட்டும்.