கடல் கடப்போரும் தேக சௌக்கியமும்

கொற்கைத் துறையை விட்டுக் கடல் விலகிப் பல நூற்றாண்டுகள் ஆயின. தாமிரபருணி கொணர்ந்து குவித்த வண்டலால், பாண்டியர்தம் பழந்துறை இன்று வயல் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கின்றது. ஆயினும் கடல் கடக்கும் வழக்கம் நம் கரையை விட்டு விலகிற்றில்லை. முத்துக் குளிப்போர் மன்னார்ப் பக்கத்து மரிச்சுக்கட்டிக்குத் தோணியேறிச் சென்றனர். தேயிலைத் தோட்டங்களுக்கென ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாய்க் கொழும்புக்குக் கப்பலேறினர். இந்நாளில் நம் கல்லூரியிற் பட்டம் பெற்ற இளைஞர் வளைகுடா நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் விமானத்திற் பறக்கின்றனர். புறப்படுமுன் பெட்டியில் அடுக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் காட்டும் கவனத்திற் பாதியேனும் இவர்கள் தம் தேக சௌக்கியத்துக்குக் காட்டுகின்றனரா என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா.

முன்னாளில் இக்கவலையைப் பிறரே வலிந்து ஏற்றனர். தூத்துக்குடிக்கு வரும் ரயில் பாதையிலே தட்டப்பாறை என்னும் நிலையம் உளது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை அங்கிருந்த முகாமில் நிறுத்தி, வாந்திபேதி முதலிய நோய்கள் உண்டோவெனச் சோதித்து, அம்மை குத்திய பின்னரே கப்பலுக்கு அனுப்பினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி அமைந்தபின் மண்டபம் முகாம் அவ்வேலையை மேற்கொண்டது. அவ்விடத்து ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயராய் நிலைத்துவிட்டது. அம்முகாம்களில் ஏழைகளை மந்தையென நடத்தியதை யாம் போற்றோம். தோட்டத்துக்கு வேலையாள் நோயின்றி வந்து சேரவேண்டும் என்பதன்றி, அவ்வேலையாள்மீது கொண்ட அன்பினாற் செய்ததன்று அது. எனினும் செய்த முறை தீது என்பதனாற் செய்த காரியமும் தீது என்றாகிவிடாது. இன்று முகாம் இல்லை, காவலர் இல்லை. அக்காரியம் பயணம் செய்வோனுடைய பொறுப்பாயிற்று. அப்பொறுப்பை நாம் எங்ஙனம் வகிக்கின்றோம்?

மஞ்சட் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். (இது மஞ்சட் காமாலையன்று, இரண்டையும் ஒன்றெனக் கருதிய பட்டதாரிகளையும் யாம் கண்டிருக்கிறோம்.) நைஜீரியா, கானா, கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் தென்னமெரிக்காவிலும் கொசுவினாற் பரவும் இக்கொடிய நோய் இந்தியாவில் இல்லை. இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை; தடுக்கும் ஊசி 1937-ஆம் ஆண்டு முதல் உண்டு. ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுள் முழுமைக்கும் போதுமென 2016 முதல் உலக நாடுகள் ஏற்றுள்ளன. ஆனால் குத்திக்கொண்ட பத்து நாட்குப் பின்னரே அத்தாட்சி செல்லும். அரசாங்கம் அனுமதித்த இடங்களிலன்றி வேறெங்கும் இவ்வூசியும் அத்தாட்சியும் பெறலாகாது. நம் தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் அவ்விடங்களுள் ஒன்று. கர்ப்பிணிகளும் முட்டை ஒவ்வாதோரும் முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும். அத்தாட்சியின்றி அந்நாடுகளினின்றும் திரும்புவோரை ஆறு நாள் வரை தனியே நிறுத்திவைப்பது நம் நாட்டுச் சட்டம்.

சென்ற ஆண்டு எம் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். நான்கு நாளில் நைஜீரியாவுக்குப் புறப்படவேண்டும், ஊசி குத்திக்கொள்ளவில்லை. பணம் கொடுத்தால் ஊசியின்றியே தாளை வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் சொன்னாராம். "ஒரு தாளுக்காக வந்த வேலையை விடலாமா, ஐயா?" என்றார். யாம் அவரைத் தம் வீட்டு முற்றத்தை நினைத்துப் பார்க்கும்படி சொன்னோம்.

தூத்துக்குடியில் வாழ்ந்தார்க்கு அம்முற்றம் தெரியும். குழாயில் நீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடம், தொட்டி, பீப்பாய் யாவற்றிலும் நிரப்பி வைக்கும் ஊர் இது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு மூடாத அந்நீரிலேதான் முட்டையிடுகின்றது. மஞ்சட் காய்ச்சலைப் பரப்பவல்லதும் அதே கொசு. நோய் இல்லை, கொசு காத்திருக்கின்றது. பொய்த் தாளோடு போய்ப் பிணியோடு திரும்பும் ஒருவர் முதலிற் படுக்கும் இடம் அத்தொட்டியின் அருகேயன்றோ? அவ்விளைஞர் முணுமுணுத்துக்கொண்டே துறைமுகத்துக்குச் சென்று ஊசி குத்திக்கொண்டார். விமானச் சீட்டுப் பணம் வீணாயிற்று. வேறு நாள் குறித்துப் போனார். அவருடைய தாயார் எம்மீது கொண்ட கோபம் இன்னும் தணிந்தபாடில்லை.

இனி, நோயைக் கொண்டு வருவது போலவே கொண்டு போவதும் உண்டு. நம் எதிர்க்கரையாகிய இலங்கை, மலேரியாவை அறவே ஒழித்த நாடென்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனத்தாற் சான்று பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலீஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவினத்தை மன்னாரில் முதன்முறையாகக் கண்டனர். கொசு வந்துவிட்ட இடத்துக்குக் காய்ச்சலோடு செல்லும் விருந்தாளி எவ்வளவு தீங்கு செய்யக்கூடும்! அங்கே குளிர்காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். ஆப்பிரிக்கா சென்று மீள்வோர் மாதங்கள் கழிந்தபின் காய்ச்சல் வரினும் அதனைச் சொல்லுதல் வேண்டும்.

வளைகுடா செல்வோர்க்கு ஒன்று மட்டும் கூறுவோம். நம் ஊர் மருந்துக் கடையில் எளிதிற் கிடைக்கும் வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் சில அங்கே முன்னனுமதியின்றி வைத்திருத்தற்கு உரியனவல்ல, சிறைக்கும் காரணமாகலாம். வைத்தியர் எழுதிய சீட்டின்றி ஒரு மாத்திரையும் கொண்டு செல்லற்க. சீட்டிருப்பினும் அந்நாட்டு விதியை அறிந்தே செல்க.

இவற்றையெல்லாம் தரகர் வாயிலாய் அறியும் நிலையில் நம் மாணவரை விடுதல் கல்லூரிக்கு அழகன்று. ஆண்டுதோறும் இறுதி வகுப்பார் விடைபெறுமுன், துறைமுகச் சுகாதார அலுவலர் ஒருவரை ஒரு மாலைக்கு அழைக்கலாம். கல்லூரி மண்டபம் உளது. கேட்பதற்கு ஆட்கள் உளர். அழைப்புக் கடிதம் எழுதும் வேலையை யாமே ஏற்கச் சித்தமாயிருக்கிறோம்.