மெடிக்கல்காரர் டாக்டரா?

எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். கன்னம் மட்டும் வறண்டு கிடக்கும். போதாததற்குப் பரு. போன வருடம் எங்கள் தாம்பரத்தில் ஒரு மெடிக்கலில், "இதைப் போடுங்கக்கா, ஒரே வாரத்துல போயிடும்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார்கள். போகத்தான் செய்தது. நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, எரிந்து, முன்னைவிட இரண்டு பங்கு பரு!

தோல் டாக்டர் டியூபைப் பார்த்ததுமே, "இது ஸ்டீராய்டும்மா, தோல் மெலிஞ்சு போயிடும்" என்றார். 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. என்னிடம் சீட்டை யார் கேட்டார்கள்? நானும்தான் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது டாக்டர் சொன்ன ஹையலூரானிக் ஆசிட் சீரம் போடுகிறேன். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்தேன். முகம் கழுவி, ஈரம் காயும் முன்பே மூன்று சொட்டு. அதற்கு மேல் லேசான மாய்ஸ்ச்சரைசர். காய்ந்த முகத்தில் போட்டால் இழுத்துப் பிடிக்கிறது. கன்னம் மெத்தென்று ஆகிவிட்டது. பரு சீரத்தால் போகவில்லை; அதற்கு வேறு மருந்து.

போன வாரம் என் பெண்ணுக்கு முதல் பரு. பர்ஸை எடுத்துக்கொண்டு அதே மெடிக்கலுக்குக் கிளம்பினாள். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

- ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.