பிலிப்பீன்ஸ்: வாசலில் அயல்நாட்டுப் படை, வீட்டுக்குள் சகிப்பின்மை

யூதாவின் அரசன் ஆகாசை நாம் அறிவோம். சிரியாவும் இஸ்ரயேலும் ஒன்று சேர்ந்து எருசலேமை முற்றுகையிட்டபோது, ஆண்டவரின் இல்லத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய மன்னனுக்குக் கையுறையாக அனுப்பி, படை உதவி கேட்டவன் அவன். உதவி வந்தது, தமஸ்கு வீழ்ந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அசீரியனைச் சந்திக்கத் தமஸ்குக்குச் சென்ற ஆகாசு, அங்கே கண்ட ஒரு பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பி, கோவிலில் அதைப் போலவே ஒன்றைக் கட்டச் செய்தான் என்று அரசர்கள் நூல் கூறுகின்றது. அவன் மகன் எசேக்கியாவின் காலத்தில் அதே அசீரியா யூதாவின் மீதே படையெடுத்து வந்தது.

அண்மை ஆண்டுகளில் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த அரசனே நம் நினைவுக்கு வருகின்றான். அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. ஆசியாவிலேயே கத்தோலிக்கர்கள் மிக அதிகமாக வாழும் நாடு அது. மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ பேர். அந்த நாட்டுக்கு வருவது நம் உறவினர் வீட்டுக்கு வருவது போன்றதே.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் பிலிப்பீன்ஸ் அரசு, அமெரிக்கப் படைகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய மேலும் நான்கு இடங்களை அறிவித்தது. 2014ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஏற்கெனவே ஐந்து இடங்கள் இருந்தன. புதிய நான்கில் மூன்று வடக்கு லூசோனில் உள்ளன. அவற்றுள் காகயான் மாநிலத்துச் சாந்தா அனா கடற்படைத் தளம் தைவானிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில் இருக்கின்றது. 2024 ஏப்ரலில் கூட்டுப் பயிற்சிக்கென அமெரிக்காவின் 'டைஃபோன்' ஏவுகணைச் செலுத்தி அந்நாட்டு மண்ணுக்கு வந்தது. பயிற்சி முடிந்த பிறகும் அது திருப்பி அனுப்பப்படவில்லை. அதே மாதம் நம் இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. 2024 ஜூலையில் ஜப்பானோடு ஒரு படை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1945இல் மணிலா நகரப் போரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். அவர்களில் பலரைக் கொன்ற படை எந்த நாட்டினுடையது என்பதை அம்மக்கள் மறந்துவிடவில்லை. ஆயினும் செனட் அந்த ஒப்பந்தத்துக்கு இசைவளித்தது. காரணம் சீனா.

சீனாவின் போக்கை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1995இல் மிஸ்சீஃப் திட்டு, 2012இல் ஸ்கார்பரோ திட்டு என ஒவ்வொன்றாகக் கைப்பற்றியது அந்நாடு. 2016 ஜூலை 12 அன்று தி ஹேக் நடுவர் மன்றம் சீனாவின் உரிமைக் கோரிக்கைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தபோது, அதைக் காகிதமாகவே மதிக்கவில்லை. 2024 ஜூன் 17 அன்று இரண்டாம் தாமஸ் திட்டருகே நடந்த மோதலில் பிலிப்பீன்ஸ் கடற்படை வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். மீன்பிடிக்கப் போகும் ஏழைகளின் படகுகள் மீது தண்ணீர்ப் பீரங்கி அடிக்கப்படுவதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கடலோர மறைமாவட்டங்களில் வாழும் நமக்கு, எல்லைக்கோட்டில் மீனவன் படும் பாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, படைக்கூட்டணி என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் கூட்டத்தில் நாம் இல்லை. தாக்கப்படும் நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பதும், ஆள்வோர்க்கு அது உரிமை மட்டுமன்றிக் கடமையும் ஆகும் என்பதும் திருச்சபையின் தெளிவான போதனை. 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பீன்ஸ் செனட் 12க்கு 11 என்ற வாக்குகளில் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்க மறுத்தது. பினட்டுபோ எரிமலை வெடித்ததில் கிளார்க் விமானத் தளம் ஏற்கெனவே பாழாகியிருந்தது. 1992 நவம்பரில் சூபிக் துறையும் காலியானது. மூன்றாம் ஆண்டிலேயே சீனா மிஸ்சீஃப் திட்டில் கால் வைத்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது சரியா என்று வாதிடுவோர் உண்டு. நமக்கு அதில் உண்மை இருப்பதாகவே படுகின்றது. காவலற்ற தோட்டத்தில் வேலி தாண்டுவதற்கு நெடுநாள் ஆகாது.

எனினும், காவலுக்கு வந்தவனை நம்பி வீட்டுக்காரன் என்ன செய்கின்றான் என்பதே நம் கேள்வி.

1972இல் பெர்டினாண்டு மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். செய்தித்தாள்கள் மூடப்பட்டன, எதிர்க்கட்சியினர் சிறைக்குப் போயினர். தளங்கள் இருந்த காரணத்தால் வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. 1981இல் அமெரிக்கத் துணை அதிபராக மணிலா வந்த மூத்த ஜார்ஜ் புஷ், விருந்தில் எழுந்து நின்று, மார்க்கோஸ் மக்களாட்சி நெறிகளைப் பின்பற்றுவதாகவே பாராட்டினார். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே மாளிகைக்கு வேறொரு விருந்தினரும் வந்திருந்தார். புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நாடு எத்தகைய நெருக்கடியில் இருந்தாலும் மனித மாண்பை மீறுவதற்கு அது நியாயமாகாது என்று மார்க்கோசின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கம்யூனிச ஆட்சியின் கீழ் ஆயராக இருந்தவர், 'கம்யூனிச அச்சம்' என்று சாக்குச் சொல்லும் ஆட்சியாளரிடம் இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1986 பிப்ரவரியில் கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் வானொலி வழியாக மக்களை எட்சா சாலைக்கு அழைத்ததும், செபமாலைகளோடு நின்ற மக்கள் முன் டாங்கிகள் நின்றுபோனதும் வரலாறு. மார்க்கோசை ஹவாய்க்கு ஏற்றிச் சென்றது அமெரிக்க விமானம்தான். கூட்டாளி கடைசி நாளில் அந்த உதவியைச் செய்தான்!

அந்தப் பாடம் கற்றுக்கொள்ளப்பட்டிருந்தால் ரொட்ரிகோ டுட்டெர்டேயின் ஆட்சி (2016-2022) வேறுவிதமாக இருந்திருக்கும். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் காவல்துறையின் கையால் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அரசே கணக்குக் காட்டியது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் தரப்பு 12,000 முதல் 30,000 வரை என்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கலோக்கான் ஆயர் பாப்லோ விர்ஜிலியோ டேவிட், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆதரவாக நின்றதற்காக, அவரே போதைப்பொருள் பயன்படுத்துபவரோ என்று அதிபரால் மேடையில் கேலி செய்யப்பட்டார். 2018 டிசம்பரில் ஆயர்களைக் கொல்லுங்கள் என்று பொருள்படவே அதிபர் பேசினார். அது மிகைப்பேச்சு என்று மாளிகை விளக்கம் தந்தது. 2019 ஜூலையில் ஆயர் டேவிட் உட்பட நான்கு ஆயர்கள் மீது காவல்துறை அரசத்துரோகப் புகார் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் நீதித்துறை அமைச்சகம் ஆயர்கள் மீதான புகாரைத் தள்ளியது. ஆனால் அருட்தந்தையர் பிளேவியானோ வில்லனுவேவா, ஆல்பர்ட் அலெகோ இருவரும் 2023 செப்டம்பர் வரை நீதிமன்றப் படியேறியே விடுதலை பெற்றனர். செனட் உறுப்பினர் லைலா டி லிமா 2017 பிப்ரவரியில் கைதாகி, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்தே பிணையில் வெளிவந்தார். ஏழைகளோடு பணியாற்றிய ஆஸ்திரேலிய அருட்சகோதரி பெட்ரீசியா ஃபாக்ஸ், 71 வயதைக் கடந்த நிலையில், 2018 நவம்பரில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இவற்றின் நடுவே அங்கே பரவிய ஒரு பழக்கத்துக்குச் 'சிவப்பு முத்திரை' என்று பெயர். நிலம் கேட்கும் உழவர், சுரங்கத்தை எதிர்க்கும் பழங்குடியினர், கேள்வி கேட்கும் ஆசிரியர், அருட்சகோதரி என யாரையும் 'கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்' என்று சுவரொட்டியிலும் முகநூலிலும் பெயர் போட்டுவிடுவது. முத்திரை விழுந்த பிறகு சிலருக்குச் சிறை, சிலருக்குத் துப்பாக்கிக் குண்டு. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு விரும்பியபோது ஈசபேல் ஏற்பாடு செய்த இரண்டு பொய்ச்சாட்சிகளும் செய்த வேலை இதுவே. கொலைக்கு முன்னால் ஒரு குற்றச்சாட்டு தேவைப்பட்டது. கல்லெறிந்தவர்கள் மனச்சான்றோடு எறிய வேண்டுமல்லவா?

இதைச் சொல்லும்போது நம்மை இடதுசாரிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடவுளை மறுக்கும் கம்யூனிசத்தைத் திருத்தந்தை 11ம் பத்திநாதர் 1937இலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் இன்றும் நிற்கின்றது. 1969இல் தொடங்கிய புதிய மக்கள் படை சிந்திய இரத்தத்துக்குக் கணக்கில்லை. 1980களில் உளவாளிகள் என்ற ஐயத்தின் பேரில் தங்கள் தோழர்களையே அவர்கள் கொன்று புதைத்தனர். இறைவார்த்தை சபைக் குரு கொன்ராடோ பால்வெக், பழங்குடி மக்களுக்காக என்று சொல்லிக் குருத்துவப் பணியை விட்டுத் துப்பாக்கி ஏந்தினார். பின்னர் அவர்களை விட்டுப் பிரிந்து அரசோடு சமாதானமானார். 1999ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவரைச் சுட்டுக் கொன்றது அவருடைய பழைய படையே. கருத்து மாறியவனை உயிரோடு விடாத சகிப்பின்மை அவர்களிடமும் உண்டு. ஆனால் இத்தகைய கூட்டத்தை எதிர்க்கும் அரசு, அவர்களுடைய முறையையே கையாண்டால், எதற்காக எதிர்க்கின்றோம் என்ற கேள்விக்கு யார் விடை சொல்வது? 2024 மே மாதம் வெளியான தீர்ப்பில், சிவப்பு முத்திரை குத்துவது ஒருவருடைய உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தலே என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியிருப்பது ஆறுதல் தருகின்றது.

உள்நாட்டுச் சகிப்பின்மைக்கும் படைக்கூட்டணிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். டுட்டெர்டே காட்டினார். 2016இல் ஒபாமா நிர்வாகம் கொலைகளைக் குறை கூறியதும் அவர் சீனாவின் பக்கம் சாய்ந்தார். கடல் பற்றிய நடுவர் மன்றத் தீர்ப்பு பெட்டிக்குள் போனது. 2017இல் அதிபர் டிரம்ப் தொலைபேசியில் அவருடைய போதைப்பொருள் நடவடிக்கையைப் பாராட்டியதும் உறவு இனித்தது. 2020 பிப்ரவரியில், கொலை நடவடிக்கைகளை முன்னின்று நடத்திய முன்னாள் காவல்துறைத் தலைவர் ரொனால்டு டெலா ரோசாவின் அமெரிக்க விசா இரத்தானதற்காக, வந்துபோகும் படைகள் பற்றிய 1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையே முறிப்பதாக அறிவித்தார். பிறகு தள்ளிவைத்து, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார். பதினொரு கோடி மக்களின் பாதுகாப்பு, ஒரு நண்பரின் விசாவோடு கட்டிப்போடப்பட்டது! விமர்சகர்களின் வாயை அடைத்த பிறகு, இது நாட்டு நலமா, தனிப்பட்ட கோபமா என்று கேட்க எவர் மிஞ்சியிருந்தார்? அமெரிக்கரைத் துரத்துவேன் என்று முழங்கிய அதே அதிபர், ஒலோங்கப்போவில் 2014இல் ஒருவரைக் கொன்று தண்டனை பெற்றிருந்த அமெரிக்கப் படைவீரருக்கு 2020 செப்டம்பரில் மன்னிப்பு வழங்கினார் என்பதையும் குறித்துக்கொள்வோம்.

வாஷிங்டனின் பக்கமும் இதே கதைதான். அதற்குத் துறைமுகம் தேவைப்படும்போது மனித உரிமை மெல்லிய குரலில் பேசும். அதனால்தான் கூட்டணி ஒப்பந்தங்கள் மக்கள் மன்றத்தின் முன் விவாதிக்கப்பட வேண்டும் என்கிறோம். 1987ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், அயல்நாட்டுத் தளங்களோ படைகளோ செனட்டின் இசைவு பெற்ற உடன்படிக்கையின் கீழ் அன்றி அனுமதிக்கப்படா என்று விதித்தது. மார்க்கோசிடம் பட்ட அனுபவமே அந்த விதிக்குக் காரணம் எனலாம். ஆனால் 2014 ஒப்பந்தம் நிர்வாக உடன்பாடு என்ற பெயரில் செனட்டுக்கு அனுப்பப்படாமலே போடப்பட்டது. செனட் 2015 நவம்பரில் எதிர்த் தீர்மானம் நிறைவேற்றியது. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. சட்டப்படி சரி. ஆயினும் எதிர்ப்பவர்களைக் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் அந்த ஒப்பந்தம் இன்னும் உறுதியாக அல்லவா நின்றிருக்கும்?

இப்போது இன்னொரு முத்திரை புழக்கத்துக்கு வருகின்றது. புதிய தளங்களை எதிர்த்தால் 'சீனாவின் ஆள்'. சீனத் தூதரும் நிலைமைக்கு உதவவில்லை. தைவானில் வேலை செய்யும் ஒன்றரை இலட்சம் பிலிப்பீன்ஸ் மக்கள் மீது அக்கறை இருந்தால் தைவான் விடுதலையை எதிர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மிரட்டும் தொனியில் பேசினார். அந்தப் பேச்சைக் கண்டிப்பது முறையே. ஆனால் சீனா மீதான கோபம் சீன இரத்தம் உள்ளவர்கள் மீதான வெறுப்பாக மாறுமானால், கர்தினால் சின்னின் தந்தை சீனர் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கும். அந்நாட்டின் முதல் புனிதரும், 1637இல் நாகசாகியில் மறைசாட்சியாக உயிர்நீத்தவருமான லொரென்சோ ரூயிசின் தந்தையும் சீனரே.

டுட்டெர்டே 2025 மார்ச் 11 அன்று கைதாகி தி ஹேக்குக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதே மே மாதத் தேர்தலில் டாவோ நகர மக்கள் அவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தனர். டி லிமாவும் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆயர் டேவிட் 2024 டிசம்பரில் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இளைய மார்க்கோசின் ஆட்சியில், சிவப்பு முத்திரைக்குப் பேர்போன பணிக்குழுவைக் கலைக்கும்படி ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஐரீன் கான் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தார். அரசு அதற்கு இணங்கவில்லை.

புதிய நான்கு இடங்களில் ஒன்று காகயானின் லால்-லோ விமான நிலையம். 1595இல் நுவேவா செகோவியா மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது ஆயரின் இருக்கை அமைந்த ஊர் அது. காகயான் ஆளுநராக இருந்த மானுவல் மாம்பா, போர் வந்தால் முதல் குண்டு எங்கள் தலையில்தான் விழும் என்ற கருத்தில் எதிர்த்தார். அவரையும் சீனாவின் பக்கத்தவராகச் சிலர் காட்டினர். லால்-லோவுக்கு அடுத்த ஊர் கட்டாரான். 2018 ஏப்ரல் 29, ஞாயிறு காலை, அங்கே திருப்பலி முடித்துப் பிள்ளைகளுக்கு ஆசி வழங்கிக்கொண்டிருந்த அருட்தந்தை மார்க் வெந்துராவை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனான். சுரங்கத் தொழிலுக்கு எதிராகவும் பழங்குடி மக்களுக்காகவும் குரல் கொடுத்தவர் அவர். வயது 37.