கூட்டு உழைப்பை அளப்பது குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

அலுவலகத்தில் அருகருகே அமர்ந்தும், வீட்டிலிருந்து கணினி வழியே இணைந்தும் வேலை செய்யும் ஊழியர்கள் தம்முள் எவ்வளவு நன்றாக ஒத்துழைக்கிறார்கள் என்பதைக் கருவிகளைக் கொண்டு அளந்து பார்க்கும் வழக்கம் நிர்வாகங்களிடையே பரவிவருவதால், அது பற்றிய தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியம் என்று எமது ஊழியர் சங்கம் கருதுகிறது. ஒரு குழுவை அளப்பதை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. அக்குழுவிலுள்ள ஒருவருக்குத் தனியே மதிப்பெண் இடுவதை அறவே ஆட்சேபிக்கிறோம்.

அளவையால் பிரயோஜனமே இல்லை என்று வாதிப்பது எமது நோக்கமன்று. தடுப்புச் சுவர்களை அகற்றிவிட்டால் மனிதர்கள் தாராளமாகப் பழகுவார்கள் என்ற நம்பிக்கையை, ஊழியர்களின் கழுத்தில் உணர்விகள் பொருத்திய வில்லைகளைத் தொங்கவிட்டுச் சோதித்த ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும், நேர்முகப் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்து மின்னணுத் தொடர்பு பெருகியதை 2018இல் வெளியிட்டார்கள். திறந்தவெளி அலுவலகத்தின் மீது பலர் கொண்டிருந்த மோகத்தை இத்தனை எளிதாகக் கலைத்த ஒரு கருவியை வீண் என்று யார் சொல்வார்? மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரையும், எல்லோரும் வீட்டிலிருந்து பணிபுரியத் தொடங்கியபின் குழுக்கள் தத்தம் வட்டத்துக்குள் ஒடுங்கிப் பிரிவுகளுக்கிடையேயான தொடர்பு மெலிந்ததைக் காட்டியது. இவ்விரண்டு உண்மைகளையும் அறிய எந்த ஊழியரின் பெயரும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் தேவைப்படாததற்குக் காரணமும் உண்டு. அனிதா வூலியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, குழுவின் திறமை அதிலுள்ள மகா புத்திசாலியின் அறிவைப் பெரிதும் சார்ந்திருக்கவில்லை. பிறர் மனநிலையை உணரும் ஆற்றலும், பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் ஏறக்குறையச் சமமாகக் கிட்டுவதுமே அதோடு நெருங்கிய சம்பந்தம் உடையனவாக இருந்தன. ஆகவே, பலருக்கு இடையே நிகழும் ஒன்றைத் துண்டு போட்டு ஆளுக்கொரு மதிப்பெண்ணாக விநியோகிப்பது அநீதி மாத்திரமன்று, விஞ்ஞானப் பிழையுமாகும்.

இருவகை ஊழியரையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதில் வேறொரு கோளாறும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் ஒவ்வொரு செய்தியும் அழைப்பும் பதிவாகின்றன. அலுவலகத்திலோ, தேநீர்க் கடை வாசலில் தீர்ந்துபோன பெரிய சிக்கல்கூட எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. சக ஊழியர் எழுதிய நிரலை அரை நாள் மௌனமாகப் படித்துப் பிழை கண்டவர் சோம்பேறியாகத் தோன்ற, எல்லாக் கடிதங்களுக்கும் ‘நன்றி’ என்று பதிலெழுதியவர் ஒத்துழைப்பின் சிகரமாகிறார்! கருவியின் குறை ஊழியரின் குறையாக எழுதப்படுகிறது.

இந்த அச்சம் கற்பனையன்று. எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் உரையாடலில் பங்கேற்றார் என்று ஊழியர் பெயரோடு காட்டக்கூடிய மதிப்பீட்டு வசதியை மைக்ரோசாஃப்ட் வழங்கியபோது, வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் வோல்ஃபி கிறிஸ்ட்ல் முதலானோர் 2020 நவம்பரில் கண்டித்தனர். டிசம்பர் 1ஆம் தேதியே அந்நிறுவனம் பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. அத்தனை வல்லுநர்களைக் கொண்ட நிறுவனத்துக்கும் வெளியார் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நமது இந்தியச் சட்டமோ இவ்விஷயத்தில் போதுமான அரணாக இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருந்தும், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பு சம்பந்தமான நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதமின்றியே அவரது தரவைக் கையாள இடம் தருகிறது. ஜெர்மனியிலோ, ஊழியரின் நடத்தையைக் கண்காணிக்க வல்ல தொழில்நுட்பக் கருவியைப் புகுத்துவதில் ஊழியர் மன்றத்துக்கும் சம முடிவுரிமையை 1972ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியிருக்கிறது. அந்த உரிமையையே நாங்களும் கோருகிறோம். எதை, எதற்காக, எவ்வளவு காலத்துக்குப் பதிவு செய்வது என்பதை ஊழியர் பிரதிநிதிகளோடு எழுத்து மூலம் உடன்பட்டுத் தீர்மானிக்க வேண்டும். முடிவுகள் நிர்வாகத்தின் மேஜைக்குப் போகுமுன் அளக்கப்பட்ட குழுவின் கைக்கு வர வேண்டும். ஊதிய உயர்வு, பதவி உயர்வு, ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கு அவற்றை ஆதாரமாக்கலாகாது. இவற்றுக்கு உடன்படாத திட்டம் எதிலும் எமது உறுப்பினர்கள் வில்லை அணிய மாட்டார்கள்.