மணக்கும் கொடியின் தழுவல்

கேரளத் தோட்டங்களை மூடிவரும் மைக்கானியா கொடியை, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் யாரும் வேலிக்கு அழகென்று விட்டுவைக்கக் கூடாது. இதய வடிவ இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ, இலேசான வாசனை. மலையாளத்தில் இதற்குத் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர். பாரதக் கதையில் பீமனென்று எண்ணித் திருதராஷ்டிரன் இரும்புச் சிலையை நொறுக்கிய அந்தத் தழுவலை, வெயில் கிடைக்காமல் வெளுத்து நிற்கும் வாழையில் கண்கூடாகப் பார்க்கலாம். கோடையில் ஆட்டுக்குத் தீவனமாகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அறுத்த தண்டு ஈர மண்ணில் விழுந்தால் கணுவுக்குக் கணு வேர்விடும், பஞ்சு ஒட்டிய விதை காற்றில் பறந்துவிடும். 2006இல் கேரளத்தில் இதன்மேல் விட்டுப் பார்த்த துருநோய்ப் பூஞ்சையும் நிலைக்கவில்லை. பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கி, வெயிலில் சருகாக்கி எரிப்பதுதான் சிறு விவசாயிக்குக் கைவசமுள்ள வழி. பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் இறங்க வேண்டும்.