இதயம் நின்றது என்பது காரணமாகுமா?

"இதயம் நின்றதால் இறந்தார்" என்பது, நன்னூலார் குற்றமாக வகுத்த கூறியது கூறல். இதயம் யாருக்குத்தான் நிற்காமல் மரணம் நேர்கிறது? ஏன் நின்றது என்பதே வினா. 'மாரடைப்பு' என்ற வழக்குச் சொல்லோ, இரத்தக்குழாய் அடைபடுவதையும் துடிப்பின் ஒழுங்கு குலைந்து இதயம் நின்றுபோவதையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து நேர்ந்த திடீர் மரணங்களைத் தொடர்ந்து, மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இத்தகைய இறப்புகளுக்கு உடற்கூறாய்வைக் கட்டாயமாக்குவதாக 2025 ஜூலையில் கர்நாடக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் உடலைத் திறப்பது மட்டும் ஆய்வாகிவிடாது. இதயத்தை எடையிட வேண்டும். இதயத் தமனிகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். தசைத் துணுக்குகளை நுண்ணோக்கிக்கு அனுப்ப வேண்டும். அடைப்பு ஏற்பட்ட முதற் சில மணி நேரத்தில் இறந்தவரின் இதயத்தசையில் வெறுங்கண்ணுக்கு மாற்றம் தெரியாது. துடிப்பொழுங்கைக் குலைக்கும் சில மரபுக் கோளாறுகள் நுண்ணோக்கிக்கும் அகப்படா. அங்கே மரபணுச் சோதனையே வழி. தடித்த இதயத்தசை நோய் பெரும்பாலும் மரபுவழி வருவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆகவே இது இறந்தவரைப் பற்றிய ஆய்வு மட்டுமன்று.

கோலார் தங்க வயலில் இவ்வினா இன்னும் கூர்மையானது. அங்குள்ள சுரங்கத் தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கா தூசியால் விளையும் நுரையீரல் நோய் இருந்ததை 1947ஆம் ஆண்டின் ஆய்வே பதிவு செய்தது. தழும்பேறிய நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்புறம் தடிக்கும், பின் தளரும். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தூசி நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. அத்தகைய முதியவர் ஒருவர் திடீரெனச் சாய்ந்தால் 'வயது, மாரடைப்பு' என்று எழுதி முடிப்பது எளிது. நோய் தொழிலினால் வந்தது என்ற உண்மையும் அவரோடு புதைந்துவிடும். இழப்பீட்டுச் சட்டம் அதனைத் தொழில்நோயாக ஏற்றிருந்தும், கோருவதற்குச் சான்று இராது.

'அறுப்பார்கள்' என்று உறவினர் அஞ்சுவது அறியாமையன்று. காவல் நிலையத்துக்கும் பிணவறைக்கும் அலைந்தவர்களின் பட்டறிவு அது. உடலை விரைந்து ஒப்படைத்து, முடிவை அவர்களுக்கு விளங்கும் தமிழிலோ கன்னடத்திலோ எழுதித் தருவது அரசின் கடமை. தங்க வயலில் இதயத்தோடு நுரையீரலையும் ஆய்வதை, வயது வரம்பின்றி, அவ்விதியில் எழுதிச் சேர்க்கவேண்டும். சுரங்கத்தினுள் இறங்கிய தலைமுறை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.